உரையை எங்கே வைப்பது?

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தார். நூற்பா வரும், அதன் காலடியிலேயே உரையும் வரும். இந்த அடுக்கு வாசிப்பவருக்கு வசதி என்பதோடு முடியவில்லை; உரைக்குள் நூலே பிழைத்துக்கொள்வதும் உண்டு. அகத்தியம் என்ற பழைய இலக்கண நூல் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. அதன் பெயரால் வழங்கும் சூத்திரங்கள் சில உரைகாரர்களின் மேற்கோள்களில்தான் எஞ்சியிருக்கின்றன.

மென்பொருள் எழுதுவோருக்கும் இதே கேள்விதான். விளக்கக் குறிப்பை நிரலுக்குள்ளேயே எழுதுவதா, தனிக் கோப்பில் வைப்பதா?

ஓர் எடுத்துக்காட்டு: ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைதன் நிரல்மொழியிடம் கேட்டால் 5 என்று விடை வரும். நமக்கோ அது மூன்றெழுத்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யுனிகோட் ஐந்தாக எண்ணுகிறது. ஓப்பன்-தமிழ் என்ற திறமூலப் பொதியில் சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் ஃபங்ஷன் இருக்கிறது. அது தருவது மூன்றா, ஐந்தா? யாழ்ப்பாணத்தில் அந்தப் பொதியை இறக்கிக்கொள்ளும் மாணவருக்கு அதை யார் சொல்வது?

ஃபங்ஷனின் தலைப்பு வரிக்குக் கீழே மும்மேற்கோளுக்குள் எழுதிய விளக்கம் சொல்லும். பைதனில் இதற்கு ‘டாக்ஸ்ட்ரிங்’ என்று பெயர். நிரல் ஓடும்போதும் அது கூடவே இருக்கும். ‘ஹெல்ப்’ என்று கேட்டால் திரையில் வந்து நிற்கும். ஹாஷ் குறி போட்டு எழுதிய சாதாரணக் குறிப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஓடத் தொடங்குமுன்பே உதிர்ந்துவிடும். ஜாவா மொழியின் ‘ஜாவாடாக்’ கருவி நிரலிலுள்ள குறிப்புகளைத் திரட்டி இணையப் பக்கங்களாக்கித் தருகிறது. 1984இல் கணினி அறிஞர் டொனால்ட் குநூத் தலைகீழாகவே யோசித்தார்: மனிதர் வாசிக்கும் கட்டுரையே முதன்மை, நிரல் அதற்குள் ஆங்காங்கே.

எதிர்வழியும் உண்டு. கணினி நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பி மென்பொருள் தன் உள்ளமைந்த ஃபங்ஷன்களின் விளக்கங்களைத் தனிக் கோப்பில் ஒதுக்கி, கேட்டபோது மட்டும் எடுத்துவந்தது. பக்கம் பக்கமாக நீளும் பாடங்களுக்கும் தனிக் கோப்பே நல்லது. ஆனால் அந்தக் கோப்பு பொதியின் அதே களஞ்சியத்தில் இருக்கட்டும்; வேறெங்கோ போய்விட்டால், நிரலைத் திருத்துகிறவர் அதைத் திறந்தே பார்க்கமாட்டார்.

பக்கத்திலேயே இருந்தாலும் உரை பழசாகிப் பொய் சொல்லக்கூடும். அதற்குப் பைதனில் ‘டாக்டெஸ்ட்’ இருக்கிறது. விளக்கத்துக்குள் ஓர் எடுத்துக்காட்டையும் எதிர்பார்க்கும் விடையையும் எழுதிவைத்தால், கருவி அந்த வரியை உண்மையாகவே ஓட்டிப்பார்க்கும். யாரோ ஃபங்ஷனைக் கெடுத்துவிட்டால் திரை காட்டிக்கொடுக்கும்: எதிர்பார்த்தது 3, கிடைத்தது 5.