மேசைக் கணினியும் மடிக்கணினியும்: விளையாட்டிற்கு ஏற்றது யாது?

எம்மூராகிய ஒரத்தநாடு, 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணையோடு திறக்கப்பெற்ற கல்லணைக் கால்வாயின் பாசனத்தைச் சார்ந்தது. இக்கால்வாயைப் ‘புது ஆறு’ என்றே எம்மவர் வழங்குவர். வாய்க்கால் என்னும் பெயர் பூண்டவை ஊர்தோறும் உண்டு. எனினும் வயலை விளைவிப்பது பெயரன்று, மதகின் வழியே வந்து சேரும் நீரின் அளவே என்பதை இப்பக்கத்துச் சிறுவரும் அறிவர். கடைமடை உழவர் அதனைத் தம் பட்டறிவால் நன்கு அறிவர். இத்துணைத் தெளிவான உண்மை கணினிக் கடையின் வாயிலில் மட்டும் நமக்கு மறந்துபோகின்றது. அதனை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடுமுறைதோறும் இளைய மாணவர் பலர் எம்மிடம் வினவும் வினா ஒன்றுண்டு: “கணினி விளையாட்டிற்கு மேசைக் கணினியின் செயலி சிறந்ததா, மடிக்கணினியின் செயலி சிறந்ததா? கொடுக்கும் பணத்திற்குப் பயன் எதனில் மிகுதி?” இது விளையாட்டுப் பிள்ளைகளின் வினா என்று பெரியோர் புறக்கணித்தல் ஆகாது. 2025-26ஆம் ஆண்டின் கொள்முதல் பருவத்திற்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். அக்கணக்கின்படி 71,000 ரூபாய்க்கு வாங்கும் ஒரு கணினி, ஏறத்தாழ 30 குவிண்டால் நெல்லுக்கு ஈடாகும்; அதாவது 40 கிலோ எடையுள்ள 75 சிப்பம். தந்தையார் கொள்முதல் நிலையத்தில் காத்திருந்து எடை போட்ட அத்தனை சிப்பங்களையும் நாம் ஒரே நாளில் ஒரு பெட்டியாக மாற்றி வீட்டிற்குக் கொணர்கின்றோம். ஆதலின் அப்பெட்டியினுள் இருப்பது யாது என அறிந்து வாங்குதல் நம் கடமையன்றோ?

முதற்கண் விளையாட்டில் செயலியின் தொழில் யாதெனக் காண்போம். திரையில் நாம் காணும் இயக்கம், ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தோன்றும் படங்களின் தொடரே. பகைவன் எங்கு நிற்கின்றான், எறிந்த பொருள் எங்கு விழும், நாம் அழுத்திய விசைக்கு விளைவு யாது என்பனவற்றைக் கணக்கிடுவது செயலி. அக்கணக்கின்படி படத்தைத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. வினாடிக்கு 60 படம் வேண்டுமாயின் ஒரு படத்திற்குக் கிடைக்கும் காலம் 16.7 மில்லி வினாடி. 144 படம் வேண்டுமாயின் 6.9 மில்லி வினாடியே. இவ்விருவருள் யார் பிந்தினும் படம் தடைப்படும். கவுன்டர் ஸ்டிரைக், வேலரன்ட் போன்ற விரைவான போட்டி விளையாட்டுகளில் பெரும்பாலும் செயலியே பிந்துவது. காடும் மலையும் நகரமும் விரிவாகத் தீட்டப்பெறும் விளையாட்டுகளில் கிராபிக்ஸ் கார்டே பிந்துவது. ஆகவே, தாம் ஆடப்போவது யாது என்று அறியாதார்க்கு ஏற்ற செயலி இதுவென எவராலும் கூறலாகாது.

செயலிக்கு வேண்டும் மற்றொன்று ‘கேஷ்’ எனப்படும் அண்மை நினைவகம். சமையலுக்கு வேண்டும் நெல் வீட்டுக் குதிரில் இருந்தால் உடனே அள்ளலாம். ஊர்க் கிடங்கில் இருந்தால் வண்டி கட்டிச் சென்று வரவேண்டும். செயலியினுள் உள்ள கேஷ் குதிரைப் போன்றது. ராம் என்னும் நினைவகம் கிடங்கைப் போன்றது. குதிர் பெரிதாயின் வண்டிப் பயணம் குறையும். ஏஎம்டி நிறுவனம் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி என்னும் மேசைச் செயலி இதற்குத் தக்க சான்று. அதன் முன்னோனாகிய 5800எக்ஸ் செயலியின் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், இதன் வேகமோ 4.5 மட்டுமே. ஆயினும் மூன்றாம் நிலைக் கேஷ் 32 மெகாபைட்டிலிருந்து 96 மெகாபைட்டாக உயர்ந்தமையால், விளையாட்டுகள் பலவற்றில் இளையோன் மூத்தோனை வென்றான். வேக எண் ஒன்றையே நோக்குவார் இத்தகைய உண்மையைக் காணத் தவறுவர்.

நிற்க. மேசைச் செயலியும் மடிச் செயலியும் வேறுபடும் தலைமையான இடம் மின்திறனும் வெப்பமுமாம். செயலி உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிப்படும். மேசைக் கணினியில் அவ்வெப்பத்தை அகற்றப் பெரிய உலோகத் தகடுகளும் அகன்ற விசிறிகளும் வைக்க இடமுண்டு. மடிக்கணினியிலோ விரலளவுப் பருமனுள்ள கூட்டினுள் செயலியும் கிராபிக்ஸும் ஒரே செப்புக் குழாய்களின் வழியே வெப்பத்தைப் போக்குதல் வேண்டும். வெப்பம் 100 பாகை செல்சியஸை அணுகின் செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஓர் இணையை எடுத்துக்கொள்வோம். இன்டெல் கோர் ஐ9 14900கே என்னும் மேசைச் செயலி 2023ஆம் ஆண்டு அக்டோபரிலும், கோர் ஐ9 14900எச்எக்ஸ் என்னும் மடிச் செயலி 2024ஆம் ஆண்டு ஜனவரியிலும் வெளிவந்தன. இரண்டிற்கும் 24 கோர். இரண்டிற்கும் 36 மெகாபைட் கேஷ். உச்ச வேகம் முன்னதற்கு 6.0 கிகாஹெர்ட்ஸ், பின்னதற்கு 5.8. வேறுபாடு மூன்று விழுக்காடே எனக் கண்டு நாம் மகிழ்கின்றோம். ஆனால் மதகைத் திறந்து பார்ப்போமாயின், மேசைச் செயலியின் அடிப்படை மின்திறன் 125 வாட், உச்சம் 253 வாட். மடிச் செயலியின் அடிப்படை 55 வாட், உச்சம் 157 வாட். உச்ச வேகம் என்பது ஓரிரு கோர்கள் சிறிது பொழுது தொடும் எல்லை மட்டுமே. எல்லாக் கோர்களும் நீண்ட நேரம் உழைக்கும்பொழுது, வாட்டின் அளவே வேகத்தின் அளவை உறுதி செய்யும்.

ஏஎம்டியின் செயலிகளிலும் இதனைக் காணலாம். ரைசன் 7 5800எக்ஸ் மேசைச் செயலிக்கு 8 கோர், 32 மெகாபைட் கேஷ், 105 வாட். பெயரால் அதன் உடன்பிறந்தார் போல் தோன்றும் 5800எச் மடிச் செயலிக்கும் 8 கோரே. ஆனால் கேஷ் 16 மெகாபைட், மின்திறன் 45 வாட். குதிர் பாதியாயிற்று, மதகும் பாதிக்கு மேல் அடைபட்டது, பெயரில் மாறியது ஈற்றெழுத்து ஒன்றே.

இங்கு ஒன்றை நடுநிலையோடு கூறுதல் வேண்டும். மின்திறனை இருமடங்காக்கினால் வேகம் இருமடங்காவதில்லை. வேகத்தை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த நேர்தலின், மின்செலவு வேகத்தைக் காட்டிலும் மிக விரைவாக ஏறும். ஆகவே 55 வாட் மடிச் செயலி, 125 வாட் மேசைச் செயலியின் பாதி வேகமே தரும் என்று எண்ணுதல் பிழை. பெரும்பாலான விளையாட்டுகள் எல்லாக் கோர்களையும் முழுதும் பயன்கொள்ளாமையால், விளையாட்டில் அவ்விடைவெளி இன்னும் குறையும். மிகையான அழுத்தமும் தீங்கே. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைச் செயலிகள் சிலவற்றில் மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைவு நேர்ந்ததை அந்நிறுவனமே 2024ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்தது.

செயலியினும் பெரிதும் ஏமாற்றுவது கிராபிக்ஸின் பெயரே. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 மேசைக் கார்டில் 16,384 கணக்கீட்டு அலகுகள் உள. அது 450 வாட் வரை கொள்ளும். அதே எண் தாங்கிய மடிக்கணினிக் கிராபிக்ஸில் 9,728 அலகுகளே உள. அஃது உண்மையில் மேசை 4080 கார்டின் அலகுத் தொகையாம். கீழ்ப்படியில் நிற்கும் 4060இல் இவ்வேற்றுமை இல்லை. இரண்டிலும் 3,072 அலகுகளே. எனினும் மடிக்கணினி 4060க்கு அளிக்கும் மின்திறன், செய்தவர் விருப்பப்படி 35 வாட் முதல் 115 வாட் வரை மாறும். ஒரே பெயருள்ள இரு மடிக்கணினிகளுள் ஒன்று மற்றொன்றினும் மிக மெதுவாக ஓடுதல் இதனாலேயாம். மடிக்கணினி வாங்குவோர் விற்பவரிடம் முதலில் கேட்கத் தக்க வினா, “கிராபிக்ஸிற்கு எத்தனை வாட்?” என்பதே.

எம் விடுதித் தோழர் ஒருவர், செயலியின் பெயரில் உள்ள உயர்ந்த எண்ணை நம்பி மெல்லிய மடிக்கணினி ஒன்றை வாங்கினார். சித்திரை வெயிலில் அதனை மெத்தைமேல் வைத்து ஆடுங்கால், கால்மணி நேரம் மிக விரைவாக ஓடிப் பின்னர் தளர்ந்து திக்கித் திக்கி நிற்கும். பழுதென்று எண்ணி இருமுறை பழுதுபார்ப்பாரிடம் எடுத்துச் சென்றார். பழுது ஒன்றுமில்லை, காற்றுத் துளைகள் மெத்தையில் அடைபட்டிருந்தன. மரப்பலகைமேல் வைத்துப் பின்புறத்தைச் சற்றே உயர்த்தி, தூசியை அகற்றி, படங்களை வினாடிக்கு 60க்கு மேற்போகாது வரையறுத்த பின்னர் அது சீராக ஓடிற்று. உயர்ந்த எண்ணிற்காக அவர் கூடுதலாகக் கொடுத்த பணம் மட்டும் பயன்படாது போயிற்று.

இனி விலைக்கேற்ற பயனை ஆராய்வோம். மேசைக் கணினிக்குத் திரை, விசைப்பலகை, சுட்டி, யூபிஎஸ் ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். அவ்வாறு சேர்த்த பின்னும், ஒரே தொகைக்கு மேசைக் கணினியே விளையாட்டில் பெரும்பாலும் முந்தும். அதனினும் சிறந்த நன்மை, உறுப்பு உறுப்பாக மாற்றத் தகுவது. 2017ஆம் ஆண்டில் முதல் ரைசனுடன் ஏஎம்4 மதர்போர்டு வாங்கியோருள் பலர், பயாஸைப் புதுப்பித்து, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி செயலியை அதே பலகையில் பொருத்தினர். மடிக்கணினியின் செயலியோ பலகையோடு பற்றவைக்கப்பெற்றது. ராமையும் எஸ்எஸ்டியையும் பலவற்றில் மாற்றலாமேயன்றிச் செயலியை மாற்றலாகாது.

மின்கட்டணத்தில் மடிக்கணினியே சிக்கனமானது. விளையாடுங்கால் மேசைக் கணினி 400 வாட்டும் மடிக்கணினி 200 வாட்டும் கொள்வதாக வைத்து, நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஆடினால், இரண்டு திங்களில் முன்னதற்கு 72 அலகும் பின்னதற்கு 36 அலகும் செலவாகும். யூபிஎஸ் வாங்குவோரும் இவ்வளவை மனங்கொள்க: 600 விஏ யூபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் அளவே தாங்கும். மடிக்கணினியில் பேட்டரி இருத்தலின் மின்தடையிலும் விளையாடலாம் என்பார் உளர். விமானப் பயண விதியை ஒட்டி, மடிக்கணினி பேட்டரிகள் பொதுவாக 100 வாட்-மணிக்கு மேற்படுவதில்லை. 150 வாட் உண்ணும் கணினி அதில் 40 நிமிடமே ஓடும். பேட்டரியில் ஓடுங்கால் வேகமும் குறையும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வீசிய பின் எம் வட்டாரம் பல நாள் இருளில் கிடந்தது. அத்தகைய நாளில் இரண்டும் ஒன்றே.

இவ்வளவு கூறியது கொண்டு மடிக்கணினியை யாம் இகழ்ந்ததாகக் கொள்ளற்க. தமிழக அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபின், எம் பக்கத்துச் சிற்றூர்களில் பல வீடுகளில் முதலில் நுழைந்த கணினி மடிக்கணினியே. அவை கற்றற்பொருட்டு அமைந்தவை. விளையாட்டிற்கென அமைந்தவை அல்ல. எனினும் பேருந்தில் சுமந்து சென்று விடுதியிலும் வகுப்பிலும் திண்ணையிலும் பயிலத்தக்கதோர் அறிவுக் கருவி என்னும் பெருமை அதற்கே உரியது.

ஆகவே எம் துணிபு இதுவாம். கணினி ஓரிடத்திலேயே தங்குமாயின் மேசைக் கணினியே தக்கது. எட்டுக் கோருக்கு மேற்பட்ட செயலிக்குப் பணம் இறையாது, மிகும் தொகையைக் கிராபிக்ஸிற்கு ஒதுக்குக. விடுதிக்கும் வீட்டிற்கும் இடையே உழலும் மாணவர்க்கு மடிக்கணினியே தக்கது. ஆயின் உச்ச எண்ணை நாடாது, இடைநிலைச் செயலியும், நல்ல வாட் பெற்ற கிராபிக்ஸும், தாராளமான காற்றுத் துளைகளும் உள்ளதைத் தேர்க. ஈற்றெழுத்தையும் நோக்குக: யூ என முடியும் செயலி சிக்கனத்திற்கும், எச், எச்எக்ஸ் என முடிவன உழைப்பிற்கும் அமைந்தவை. இரண்டிற்கும் பணம் போதாதாயின், கையிலுள்ள கணினியைத் துடைத்துத் தூசி போக்கி, ராமைச் சிறிது கூட்டி, இன்னும் ஓராண்டு பொறுத்தலும் அறிவுடைமையே.

மதகில் வரும் நீரை அளந்து நாற்று விடுபவர் நம் பெற்றோர். அவர்தம் 75 சிப்பத்தைச் செலவிடும் நாமும் பெயரைப் பாராது அளவைப் பார்த்து வாங்குவோமாக.