யாழ்ப்பாணத்தில் அடுத்த நாடகம் எப்போது? கலை நிகழ்வுகளை அறிவதும் அடைவதும்

யாழ்ப்பாண நகரில் நாடகமும் கூத்தும் ஓவியக் கண்காட்சியும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் ஒரு நிகழ்வு நடந்ததையே பலர் மறுநாள் முகநூல் படங்களைப் பார்த்துத்தான் அறிகிறார்கள். நகருக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்தத் தகவலும் கிடைப்பதில்லை. போரைப் பற்றியும் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றியும் இடம்பெயர்வைப் பற்றியும் பேசும் அளிக்கைகளில், அவற்றை அனுபவித்த மக்கள் பார்வையாளர்களாக இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்நிகழ்வுகள் எங்கே, எப்போது நடக்கின்றன, அவற்றைச் சென்றடைவதில் உள்ள தடைகள் எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எங்கே நடக்கின்றன?

நகரில் பழக்கமான இடம் வீரசிங்கம் மண்டபம். 1974 ஜனவரி 10ஆம் திகதி, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாள் நிகழ்வில் மக்கள் உயிரிழந்ததும் இந்த மண்டபத்தின் முன்னால்தான். ஒன்றுகூடுவதற்கும் உயிரிழப்புக்கும் இடையிலான தொடர்பு எங்கள் நினைவில் அவ்வளவு பழையது.

அதற்கு அருகே, பொது நூலகத்தின் பக்கத்தில், இந்திய நிதியுதவியுடன் கட்டப்பட்ட 11 மாடிப் பண்பாட்டு மையம் உள்ளது. 600 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கைக் கொண்ட இக்கட்டடம் 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் இதற்குத் திருவள்ளுவரின் பெயர் சூட்டப்பட்டபோது ‘யாழ்ப்பாணம்’ என்ற சொல் விடுபட்டதாக எதிர்ப்பு எழுந்தது. பின்னர் அந்தச் சொல் மீண்டும் சேர்க்கப்பட்டது. ஆனால் பெயரைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு சிறிய நாடகக் குழுவோ கிராமத்துக் கூத்துக் கலைஞர்களோ இந்த அரங்கை இலகுவாகப் பயன்படுத்த முடியுமா என்பதே அது.

பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கிலும் நாடகங்கள் மேடையேறுகின்றன. 1965இல் மரியசேவியர் அடிகளார் ஆரம்பித்த திருமறைக் கலாமன்றமும் நகரின் முக்கியமான கலைத்தளமாகும். கோயில் முன்றல்களையும் பாடசாலை மண்டபங்களையும் சேர்த்தால்தான் இந்தப் பட்டியல் முழுமை பெறும்.

எப்போது எதிர்பார்க்கலாம்?

துல்லியமான நாள்காட்டி கையில் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. தவக்காலத்தில் திருப்பாடுகளின் நாடகங்கள் வரும். மார்ச் 27 உலக நாடக தினம். பல்கலைக்கழகமும் நாடகக் குழுக்களும் அதையொட்டி நிகழ்வுகளை நடத்துவதுண்டு. அம்மன் கோயில்களில் பொங்கலும் குளிர்த்தியும் நடக்கும் காலம் காத்தவராயன் கூத்துக்குரியது. முல்லைத்தீவில் கோவலன் கூத்து கண்ணகி வழிபாட்டோடு இணைந்தது. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவில், வழமையான திரையரங்குகளுக்கு வராத படங்களைப் பார்க்கலாம்.

ஏன் போய்ப் பார்க்க வேண்டும்?

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து அரங்கு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் ஊர் ஊராகச் சென்றது. சண்முகலிங்கத்தின் ‘அன்னையிட்ட தீ’ போர் மனதில் ஏற்படுத்திய காயங்களைப் பேசியது. பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் தனித்துப்போன பெற்றோரின் கதை ‘எந்தையும் தாயும்’. இவற்றைப் பார்த்தவர்கள் மேடையில் கண்டது தங்கள் வீட்டைத்தான்.

ஓவியத்திலும் இதைக் காணலாம். தா. சனாதனனின் ‘முற்றுப்பெறாத தொம்பு’ 2011இல் வெளிவந்தது. தொம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுக்க, அவற்றைக் கொண்டு இந்நூல் உருவானது. வரையத் தெரியாதவர்களின் கோடுகளும் வரலாற்று ஆவணமாக முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். ‘எனக்கு ஓவியம் விளங்காது’ என்று கண்காட்சிக்குப் போகாமல் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நகைச்சுவைக்கு என்ன நடந்தது?

கூத்தில் கட்டியகாரன் அரசனையும் கேலி செய்வான். ‘கோமாளிகள்’ வானொலியில் புகழ்பெற்று 1976இல் திரைப்படமாகவும் வந்தது. அந்த மரபுக்குச் சொந்தக்காரர்களான நாங்கள் இன்று பொதுவெளியில் பகிடி விடவும் யோசிக்க வேண்டியுள்ளது.

2023 மே மாதம் நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரிய, மேடையில் கூறிய கருத்துகளுக்காக, சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டத்தின் கீழ்க் கைதானார். ஜூலையில்தான் அவருக்குப் பிணை கிடைத்தது. அவர் கொழும்பில் சிங்களத்தில் நிகழ்ச்சி செய்தவர். தமிழில் ‘நவரசம்’ கவிதைத் தொகுப்பை எழுதிய அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதாகி, ஒன்றரை ஆண்டுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

நாடகப் பிரதியை முன்கூட்டியே சமர்ப்பித்து அனுமதி பெறும் நடைமுறையின் வேர் 1912ஆம் ஆண்டின் பிரித்தானியர் காலச் சட்டத்தில் இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் இதற்கு மேல், நிகழ்வு நடக்கும் இடத்துக்கு வந்து ஏற்பாட்டாளர்களின் விபரம் கேட்கும் புலனாய்வாளர்களும் இருக்கிறார்கள். இதனால் எழுதுபவர் எழுதும்போதே சில வரிகளை வெட்டிவிடுகிறார். அந்த வெட்டு எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை.

தூரமும் நேரமும்

அச்சத்தைவிடச் சாதாரணமான தடை பஸ். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி சுமார் 65 கிலோமீற்றர். முல்லைத்தீவு 100 கிலோமீற்றருக்கும் மேல். மாலை 6 மணிக்குத் தொடங்கும் நாடகத்தைப் பார்த்துவிட்டு அன்றிரவே முள்ளிவாய்க்காலுக்குத் திரும்ப வேண்டிய ஒரு தாய் எதில் போவார்? அனுமதி இலவசமாக இருந்தாலும், போக்குவரத்துச் செலவும் இழக்கும் நாட்கூலியும் அவருக்கு நுழைவுச்சீட்டின் விலைதான்.

செய்யக்கூடியவை

பார்வையாளர்கள் செய்யக்கூடியது: மன்றங்கள், நாடகக் குழுக்களின் முகநூல் பக்கங்களைப் பின்தொடருங்கள். ஊர் நூலகத்திலோ சனசமூக நிலையத்திலோ மாதத்துக்கு ஒருமுறை நிகழ்வுகளின் விபரத்தை ஒட்டுங்கள். பதினைந்து பேர் சேர்ந்தால் ஒரு வான் பிடிக்கலாம். இல்லையேல் குழுவை உங்கள் ஊருக்கு அழையுங்கள். பாடசாலை முற்றம் போதும் என்ற அளிக்கைகள் பல உண்டு.

ஏற்பாட்டாளர்கள் செய்யக்கூடியது: அழைப்பிதழில் பிரதம விருந்தினர்களின் பெயர்களுக்குக் கொடுக்கும் இடத்தை, நாடகம் எதைப் பற்றியது, எத்தனை மணிக்கு முடியும், பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்ற விபரங்களுக்கும் கொடுங்கள். குண்டுச் சத்தமோ காணாமல் போனோர் பற்றிய காட்சியோ இருந்தால் முன்கூட்டியே அறிவியுங்கள். அதை நேரில் அனுபவித்தவர் அந்த இருக்கையில் இருக்கக்கூடும். ஞாயிறு பிற்பகலில் ஒரு காட்சி வைத்தால் வன்னியிலிருந்து வருபவர் இருட்டுவதற்கு முன் வீடு திரும்பலாம்.

அடுத்த நாடகத்துக்கான அழைப்பிதழைத் தயாரிக்கும் குழுவினர், அதில் நேரத்தைக் குறிக்கும் முன் கடைசி பஸ்ஸின் நேரத்தை ஒருமுறை விசாரித்துக்கொள்ளட்டும்.