ஏப்ரல் 23-க்குப் பிறகு

எங்கள் நகரிப் பக்கத்துப் பள்ளிகளில் ‘நாடு-நேடு’ என்ற சொல் தெரியாத பிள்ளை இல்லை. தமிழில் சொன்னால் ‘அன்றும் இன்றும்’. ஆந்திர அரசு 2019 நவம்பர் 14 அன்று ஓங்கோலில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்புத் திட்டத்தின் பெயர் அது. பள்ளியின் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். ஒன்றில் பெயர்ந்த தரையும் கதவில்லாத கழிப்பறையும், மற்றதில் வழவழப்பான தரையும் வண்ணச் சுவரும். கட்டடங்களைப் பொறுத்தவரை அந்த இரட்டைப் படம் போதும். பள்ளி மூடிய மறுநாள் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்பதற்கு யாரும் படம் எடுத்து வைக்கவில்லை.

ஆந்திரப் பள்ளிகளுக்குக் கடைசி நாள் வழக்கமாக ஏப்ரல் 23. 24-இல் தொடங்கும் விடுமுறை ஜூன் 11 வரை ஓடும். 12-ஆம் தேதி மணி அடிக்கும். கூட்டிப் பார்த்தால் 49 நாள். அதற்கு முன்பே, மார்ச் நடுவில், ‘ஒண்டிபூட்ட படி’ என்ற அரைநாள் பள்ளி வந்துவிடும். காலை எட்டு மணிக்குள் போய், மதியச் சோறு தின்றுவிட்டு, வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் வீடு திரும்ப வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த 1968-இல் கடைசி நாள் என்றால் பட்டியல். வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து தேறியவர்களின் பெயரை மட்டும் படிப்பார். படிக்காமல் விட்ட பெயர்கள்தான் காதில் விழும். தவறியவன் மறு வருஷமும் அதே பலகையில் உட்காருவான். இரண்டு முறை தவறினால் தறியடிக்குப் போவான். பெண் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பும் அரிது. ஐந்தாம் வகுப்பில் தவறிய பெண்ணை மறுபடி பள்ளிக்கு அனுப்பிய வீட்டை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. 1961 கணக்கெடுப்பில் ஆந்திராவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பேர். 2011-இல் சித்தூர் மாவட்டத்தில் அது 71-ஐத் தாண்டியது. நடுவில் நடந்தவை பல. அவற்றில் ஒன்று, 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அந்தப் பட்டியலுக்கு இடமில்லாமல் செய்தது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019-இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு மட்டும் மாநிலங்கள் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம் என்று திருத்தம் வந்தது. என் பேத்தி நான்காம் வகுப்புக் கடைசி நாளில் கையில் மதிப்பெண் அட்டையோடு ஆடிக்கொண்டே வந்தாள். அந்த நாளில் வயிறு கலங்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. இந்த ஒன்றுக்காகவே நான் இன்றைய படத்தின் பக்கம் நிற்பேன்.

எங்கள் காலத்தில் கடைசி நாள் மாலையே பள்ளி வாசலில் ஒரு சந்தை கூடும். நாலாம் வகுப்புப் புத்தகத்தை அரை விலைக்கு விற்று, அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை அரை விலைக்கு வாங்குவோம். அட்டை கிழிந்திருந்தால் கால் விலை. முன்பு படித்தவன் பென்சிலால் விடை குறித்து வைத்திருந்தால் விலை கூடும். அப்படி வாங்கிய புத்தகத்தின் கதைகளை மே மாதத்துக்குள் படித்து முடித்துவிடுவோம். ஜூனில் வாத்தியார் நடத்தும்போது சலிப்பாக இருக்கும். இன்று ஜூனில் பள்ளி திறக்கும்போது பை, சீருடை, காலணி, புத்தகம் எல்லாம் புதிதாக, இலவசமாக வருகின்றன. எவன் கையிலும் கிழிந்த அட்டை இல்லை. ஆனால் புதுப் புத்தகம் ஜூனில்தான் வரும் என்பதால் கோடையில் படிக்கப் புத்தகமும் இல்லை.

அந்த இலவசத் தொகுப்புக்கு இப்போது சர்வேபல்லி ராதாகிருஷ்ணன் பெயரை வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர்தான். அவர் 1888-இல் திருத்தணியில் பிறந்தவர். சிறுவனாகத் திருப்பதிக்கு வந்து லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தவர். அவர் பிறந்தபோது திருத்தணி வட ஆர்க்காட்டில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது இந்தப் பக்கம் வந்தது. ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. என் ஆயா வீடு திருத்தணியில். அவள் வாசலைவிட்டு நகரவே இல்லை, மாநிலம்தான் நகர்ந்தது.

நான் படித்தது தெலுங்குப் பள்ளி. வீட்டில் தமிழ். சித்தூரிலும் நகரியிலும் குப்பத்திலும் தமிழ் வழிப் பள்ளிகள் உண்டு என்றாலும், வேலைக்குத் தெலுங்கு வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு. ஆகவே எனக்குத் தமிழ் எழுத்து வந்தது பள்ளி மூடிய பிறகு. ஏப்ரல் கடைசி வாரம் நகரி ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிடுவார்கள். முதல் பாடம் வழியிலேயே இருந்தது: வேங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை. இந்திய ரயில்வேயின் மிக நீண்ட ஸ்டேஷன் பெயர்களில் ஒன்று. ரயில் அங்கே நிற்கும் நேரத்துக்குள் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படித்து முடிக்கிறேனா என்று கூட வரும் மாமா பார்ப்பார். அதைத் தாண்டினால் பொன்பாடி. அங்கே பலகையில் தெலுங்கு போய்த் தமிழ் வந்துவிடும். ஒரே மூச்சில் படித்துக்கொண்டு வந்தவன் நாலெழுத்தில் தடுக்கி விழுவேன்.

திருத்தணியில் எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. மலைக்கு 365 படி. தெலுங்கில் எண்ணிக்கொண்டு ஏறினால் ஆயா காதில் வாங்கமாட்டாள். தமிழில் எண்ண வேண்டும், விட்டால் கீழிருந்து மறுபடி. மாமா வீட்டுக்கு வரும் தினத்தந்தியில் கன்னித்தீவு. படத்தைப் பார்த்துச் சிந்துபாத்தின் கதையை ஊகித்து, ஊகித்ததை எழுத்தோடு பொருத்திப் பார்ப்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக அம்புலிமாமா. 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் வரத் தொடங்கிய இதழ் அது. நகரியில் நான் ‘சந்தமாமா’ என்று படித்த அதே கதை, அதே படம், திருத்தணியில் வேறு எழுத்தில் கிடந்தது. தோளில் வேதாளத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனின் முகம் மாறவில்லை. அடியில் எழுத்து மட்டும் மாறியிருந்தது. எது என்ன எழுத்து என்பதை நானே கண்டுபிடித்தேன். இரண்டு கோடையில் தமிழ் படிக்க வந்துவிட்டது. அந்த இதழும் இப்போது இல்லை.

ஊரில் தங்கிய பிள்ளைகளுக்கும் வகுப்பு இருந்தது. நெசவு வீட்டில் தார் சுற்றுவது. மாந்தோப்பில் கிளிமூக்கு மாங்காயைக் காம்பு உடையாமல் பறிப்பது. மரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால் இருக்கவே இருக்கிறது புத்தூர் கட்டு. மே மாதத்தில் அந்த வைத்தியர்கள் வீட்டு வாசலில் எங்கள் வயதுப் பையன்களின் வரிசையே நிற்கும். கோடையில் பல கிராமங்களில் திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் வைப்பார்கள். பதினெட்டு நாள் பகலில் கதை, இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறி எலுமிச்சம்பழம் வீசும் நாளும், துரியோதனனை மண்ணில் பெரிய உருவமாகச் செய்து கிடத்தும் படுகள நாளும் எந்தப் பிள்ளைக்கும் தப்பாது. எழுத்தே தெரியாத பிள்ளையும் பாண்டவர் வம்சத்தைக் கொடிவழியாகச் சொல்லும். பாரதம் இன்றும் நடக்கிறது. மைக் நன்றாகக் கேட்கிறது. முன்வரிசைப் பாயில்தான் ஆள் குறைவு.

திருப்பதியில் அத்தை வீடு. மே மாதம் தாத்தையகுண்ட கங்கம்மா ஜாத்திரை வரும். முதல் நாள் பைராகி வேஷத்துக்கு உடம்பெல்லாம் வெள்ளை, பண்ட வேஷத்துக்குக் குங்குமம், தோட்டி வேஷத்துக்குக் கரி, தொர வேஷத்துக்குச் சந்தனம். பண்ட வேஷம் போட்டவன் எதிரே வருபவரை வைது தீர்க்கலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. வருஷம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த பையனுக்கு ஒரே ஒரு நாள் அந்த உரிமை. எந்தப் பாடத்திட்டமும் இவ்வளவு தாராளமாக மொழிப்பயிற்சி தந்ததில்லை. வேஷம் போடும் பிள்ளைகளை இன்றும் பார்க்கலாம். கையில் வேப்பிலை, பக்கத்தில் படம் பிடிக்கும் அம்மா.

இதையெல்லாம் இனிப்பாக மட்டும் நினைப்பது சரியில்லை. தார் சுற்றிய விரல்களில் பல ஜூனில் பல்பம் பிடிக்கத் திரும்பவில்லை. கோடை வேலை அப்படியே வாழ்நாள் வேலை ஆனது. பசியும் இருந்தது. ஆந்திரத்தில் 2003-இல் பள்ளிகளில் மதியச் சோறு வந்தது. வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் அதைத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் சொன்னது. விடுமுறை என்றால் மாங்காயும் கூத்தும் என்று எழுதுகிற என் போன்றவர்களுக்கு அந்த ஒரு வரி ஆணை உறைக்க வேண்டும். பல வீடுகளில் அது சோறு நின்றுபோன 49 நாள்.

விடுமுறையில் படிப்பு மறக்குமா என்ற கேள்வியை அன்று யாரும் கேட்டதில்லை. மறக்கும் என்று வாத்தியாருக்குத் தெரியும். ஜூன் மாதத்தை அதற்கென்றே ஒதுக்கிவைப்பார். அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 1996-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு கரைகிறது, வாசிப்பைவிடக் கணக்கு அதிகம் கரைகிறது என்றார்கள். எங்களுக்கு அந்தக் கேள்வி உறைத்தது 2020-இல். மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 பிப்ரவரி 1-இல்தான் திறந்தன. ரயில் இல்லை, ஆயா வீடு இல்லை, ஜாத்திரை இல்லை. ஊர் நடத்திய பள்ளியும் சேர்ந்து மூடிக்கிடந்த கோடை அது. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் வேறு ஐந்து மாநிலங்களில் பதினாறாயிரம் குழந்தைகளைப் பார்த்து, 92 விழுக்காட்டினர் முந்தைய ஆண்டு தெரிந்திருந்த மொழித்திறன் ஒன்றையாவது இழந்திருந்தார்கள் என்று எழுதியது.

இதற்கு விடை எங்கள் பழைய மாவட்டத்திலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. மதனப்பள்ளிக்குப் பக்கத்து ரிஷிவேலியில், பத்மநாப ராவும் ரமாவும் 1980-களின் பிற்பகுதியிலிருந்து ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக ஓர் ‘ஏணி’ செய்தார்கள். பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாக உடைத்து, அட்டைக்கு ஒரு படம் போட்டு, படிப்படியாக அடுக்கினார்கள். அறுவடைக்குப் போன பிள்ளை திரும்பி வந்தால் வகுப்பு எங்கே போயிருக்கிறது என்று பார்ப்பதில்லை. தான் விட்ட அட்டையைத் தேடி எடுத்துத் தொடரும். தேறுவதும் இல்லை, தவறுவதும் இல்லை, ஜூன் மாதப் புதுத் தொடக்கமும் இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் அந்த முறையை 13 பள்ளிகளில் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது ‘செயல்வழிக் கற்றல்’ என்ற பெயரில் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. திருத்தணிப் பள்ளிகளில் அந்த அட்டைகளைப் பார்த்தபோது, எங்கள் ஊர் மாங்கன்று எல்லை தாண்டிக் காய்த்ததுபோல் இருந்தது.

இன்றைய கோடைக்குக் குறையொன்றும் சொல்ல முடியாது. ஆசிரியர் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நூலகங்களில் கோடை முகாம் நடத்திக் கதை படிக்கவைக்கிறார்கள். திருப்பதி அலிபிரியில் 1993 முதல் வட்டார அறிவியல் மையம் இருக்கிறது. ஏழுமலை ஏறுகிற எத்தனை பேர் அங்கே நுழைகிறார்கள் என்பது வேறு கதை. என் பேத்தி சதுரங்கம், கையெழுத்து, அபாகஸ் மூன்றுக்கும் போகிறாள். திருத்தணிக்கு இரண்டு நாள், காரில். மலை மேலேயே கார் போகிறது.

அவளுடைய பாடப் புத்தகம் எனக்குப் பிடித்திருக்கிறது. 2020 முதல் ஆந்திரத்தில் இரட்டை மொழிப் புத்தகம்: ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கம் அதே பாடம் தெலுங்கில், அதே படத்தோடு. முதன்முறை விரித்தபோது மடியில் சந்தமாமாவும் அம்புலிமாமாவும் சேர்ந்து உட்கார்ந்ததுபோலத்தான் தோன்றியது. தெலுங்கு வீட்டுப் பிள்ளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகலாம். தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் மறுபக்கம். என் பேத்தி அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டையும் சரளமாகப் படிக்கிறாள், அவள் வயதில் நான் படித்ததைவிட வேகமாக.

இந்தக் கோடைக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: தினமும் ஐந்து வரி நாட்குறிப்பு, பிடித்த மொழியில். நேற்று எடுத்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் சில நாள், தெலுங்கில் சில நாள். திருத்தணிக்குப் போன நாளிலும் தெலுங்கு எழுத்துதான். ஆனால் வாசித்தால் தெலுங்கு இல்லை. வாய்விட்டுப் படித்தேன். மாமா வீட்டுக்குப் போனேன், பாட்டி மாம்பளம் குடுத்தாங்க.

தெலுங்கில் ழ இல்லை. எங்கள் பக்கத்தில் பேசும்போதும் அது பளம்தான்.