ஆங்கில நெடுஞ்சொல்லும் அசைப் பகுப்பும்

‘அசை’ என்னும் கலைச்சொல் இருபொருளில் வழங்குகின்றது. யாப்பிலக்கணத்தார்க்கு அது சீரின் உறுப்பு. மொழிநூலார்க்கோ, பெரும்பாலும் உயிரொலி ஒன்றை உச்சியாகக் கொண்டு எழும் ஒலிக்கூறு. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் மயக்கத்தை ஓர் ஆங்கில நெடுஞ்சொல்லின் வாயிலாக ஆராய்வோம்.

பொறுப்பு எனப் பொருள்படும் ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ என்பதே அச்சொல். ஆங்கில ஒலிமுறைப்படி இது ரி-ஸ்பான்-சி-பி-லி-டி என ஆறு அசையுடைத்து. தமிழில் எழுதியவாறே அலகிடின், ரெஸ்-பான்-சிபி-லிட்-டி என நேர், நேர், நிரை, நேர், நேர் ஆகிய ஐந்தசையே பெறுவோம். எண்ணிக்கை ஒன்று குறைதல் பெரிதன்று. ஆங்கிலச் சொல்லின் தலைமையழுத்தம் விழும் ‘பி’, நம் அலகீட்டில் நிரையசையின் பிற்பாதியாய் மறைந்துவிடுதலே கருதத்தக்கது.

இதன் காரணம் வெளிப்படை. குறில், நெடில், ஒற்று என்பவற்றின் அளவும் வைப்புமே நம் யாப்பசையை வரையறுக்கின்றன. ஆங்கிலச் சொல்லின் ஒலிவடிவை ஆள்வதோ அழுத்தம். ‘ரெஸ்பான்சிபிள்’ என்னும் சொல்லில் தலைமையழுத்தம் ‘ஸ்பான்’ மேலது; ஈற்றசை மிக மெலிந்து ஒலிக்கும். ‘இட்டி’ என்னும் ஈறு சேர்ந்தவுடன், மெலிந்திருந்த அவ்வசையே ‘பி’ என உயிர் தெளிந்து தலைமை பெறுகின்றது. ‘ஸ்பான்’ துணையழுத்தத்தோடு அமைகின்றது. ‘எலக்ட்ரிக்’ என்பதில் ‘லெக்’ மேலிருந்த அழுத்தம், ‘எலக்ட்ரிசிட்டி’ என்பதில் ‘ட்ரி’க்குப் பெயர்தலும் இவ்விதியே. இவ்வீறு தனக்கு முன்னின்ற அசைமேல் அழுத்தத்தை ஈர்க்கும் இயல்பினது.

தமிழிலும் உகரம் குறுகி அரை மாத்திரையாதல் உண்டன்றோ எனின், உண்டு. ஆயின் குற்றியலுகரம் இடமும் சார்பும் பற்றியது, அழுத்தம் பற்றியதன்று.

எனவே ஆங்கில நெடுஞ்சொல்லைப் பகுப்போர், எழுத்தை நோக்காது ஒலியை நோக்கி அசைகளை எண்ணுக. ஈற்றைக் கொண்டு தலைமையழுத்தம் துணிக. அதன்பின் எஞ்சிய உயிர்களின் மெலிவைக் காண்க. அனைத்துலக ஒலியெழுத்து முறையில், தலைமையழுத்தம் பெறும் அசையின் முன் மேற்புறத்தும் துணையழுத்தம் பெறுவதன் முன் கீழ்ப்புறத்தும் சிறுகோடு இடுவர். 1917-இல் வெளிவந்த டேனியல் ஜோன்சின் ஆங்கில ஒலிப்பகராதி இவ்வொலியெழுத்தையே மேற்கொண்டது. ஆறசையும் ஒத்த வலியுடன் ஒலிப்பின், ஆங்கிலம் தாய்மொழியாயினார் செவிக்கு அச்சொல் எளிதிற் புலப்படாது.

இருவேறு பொருளுக்கு ஒரு பெயர் நிற்பின் ஆய்வு தெளிவுறாது. ஆதலின் மொழிநூலார் கூறுவதனை ‘ஒலியசை’ என்றும், செய்யுளுறுப்பினை ‘யாப்பசை’ என்றும் வேறுபடுத்தி வழங்குதல் தக்கதெனக் கருதுகின்றோம்.