லடாக் வீடுகளில் தங்கி நடக்க: எத்தனை நாள், என்னென்ன மூட்டை?

இமயமலையில் நாலைந்து நாள் நடப்பது என்றால் கூடாரம், அடுப்பு, அரிசி, பருப்பு, சமைக்க ஓர் ஆள், சுமக்கக் குதிரைகள் என்று ஒரு பட்டாளமே வேண்டும் என்று நினைப்போம். லடாக்கின் சில பள்ளத்தாக்குகளில் அது தேவையில்லை. சில மணி நேரம் நடந்தால் ஒரு கிராமம் வரும். அங்கே ஒரு வீட்டில் படுக்க இடம், இரவுச் சாப்பாடு, காலை உணவு, மறுநாள் வழிக்குப் பொட்டலம் எல்லாம் கிடைக்கும். ஹோம்ஸ்டே ட்ரெக் என்பது இதுதான்.

இதற்குத் திட்டமிட இரண்டு கேள்விகள் போதும். அந்த வீடு எதைத் தரும்? எதைத் தராது? தருவதையெல்லாம் பையிலிருந்து எடுத்துவிடலாம். தராதவற்றில் முதலாவது, உயரத்துக்கு உடம்பு பழகுவதற்கான நாட்கள். திட்டத்தை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

லேயில் முதல் மூன்று நாள்

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். சென்னையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் லேயில் கிடைக்கும். டெல்லியிலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறக்கிவிடும். உடம்பு அந்த வேகத்தில் மாறாது. மூச்சின் வேகம் கூடுவது, ரத்தத்தின் தன்மை மாறுவது எல்லாம் நாள் கணக்கில் நடப்பவை. ஜிம்மில் உடம்பை ஏற்றி வைத்திருப்பவருக்கும் இதில் சலுகை கிடையாது.

ஆகவே விமானத்தில் போனால் நடை தொடங்கும் முன் லேயில் மூன்று இரவுகள் தங்குங்கள். முதல் நாள் அறையிலேயே படுத்திருங்கள். இரண்டாம் நாள் கடைத்தெருவரை மெல்ல நடக்கலாம். மூன்றாம் நாள் ஷே, திக்சே மடாலயங்களுக்கு வண்டியில் போய்ப் படியேறிப் பாருங்கள். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் இந்த நாட்களில் வேண்டாம். ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகச் சாலையில் வந்தால் ஏற்றம் படிப்படியாக இருக்கும். மணாலி சாலை அப்படியல்ல. 5,000 மீட்டரைத் தாண்டிய கணவாயைக் கடக்கிறது, இடையில் தங்கும் இடங்களும் லேயைவிட உயரத்தில் இருக்கலாம்.

நடைக்கான விதி எளிது. 3,000 மீட்டருக்கு மேல், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் ஏறினாலும் கணக்கில் வருவது தூங்கும் உயரம்தான்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை இருந்தால் மேலே போகாமல் அங்கேயே நில்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறிகள் அவை. அசெட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழகுவதற்கு உதவும் என்றாலும் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. சல்ஃபா மருந்து ஒவ்வாமை, இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யட்டும்.

எந்த வழி?

முதல் முறை போகிறவர்களுக்கு ஷாம் பள்ளத்தாக்கு ஏற்றது. லிக்கிரில் தொடங்கி யாங்தாங், ஹெமிஸ் ஷுக்பாசன் வழியாகத் தெமிஸ்காமில் முடியும். தினமும் மூன்று முதல் ஐந்து மணி நேரம் நடை. வழியில் உள்ள கணவாய்கள் 4,000 மீட்டருக்குள் அடங்கிவிடும். கிராமங்களுக்குச் சாலையும் இருப்பதால் ஒருவருக்கு முடியாமல் போனால் வண்டி பிடித்து லேக்குத் திரும்பலாம். வண்டிச் சாலை கண்ணில் படுவது சிலருக்குப் பிடிக்காது; முதல் முறை போகிறவருக்கு அதுவே பாதுகாப்பு.

அடுத்த படி, ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் போகும் மார்க்கா பள்ளத்தாக்கு. ஜான்ஸ்கர் ஆற்றங்கரையில் செம்புப் பாத்திரக் கைவினைக்குப் பெயர் பெற்ற சில்லிங்கில் தொடங்கி ஸ்கியு, மார்க்கா, ஹங்கர் என்று ஏறும் வழி. ஹங்கர் சுமார் 4,000 மீட்டர். அதற்கு அடுத்த நிமாலிங் மேய்ச்சல் வெளி 4,700 மீட்டருக்கு மேல். மேலே சொன்ன விதியை இங்கே வைத்துப் பாருங்கள்: ஒரே நாளில் 700 மீட்டர் கூடிவிடுகிறது. இடையில் தாச்சுங்ட்சேயில் ஓர் இரவு தங்கினால் கணக்கு சரியாகும். இந்த இரண்டு இடங்களிலும் வீடுகள் இல்லை. கோடை மாதங்களில் போடப்படும் கூடாரங்களில் தங்க வேண்டும். கடைசி நாள் 5,200 மீட்டரை ஒட்டிய கோங்மாரு லா கணவாயைத் தாண்டி ஷாங் சும்தோ பக்கம் இறங்க வேண்டும்.

இரண்டு வழிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவம். ஜூலை, ஆகஸ்டில் பனி உருகி மார்க்கா ஆற்றிலும் ஓடைகளிலும் நீர் ஏறும். வெயில் ஏற ஏற நீரும் ஏறும் என்பதால் பாலம் இல்லாத இடங்களைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். மழைமறைவுப் பகுதிதான் என்றாலும் 2010 ஆகஸ்டில் லேயில் மேகவெடிப்பு பெரும் அழிவை ஏற்படுத்தியது. மழை கொட்டும் நாளில் ஓடைப் பள்ளத்தில் நடக்காதீர்கள். செப்டம்பரில் நீர் வடிந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும். இரவுக் குளிர் கூடும்.

யார் வீடு?

ஹெமிஸ் பூங்காவில் பனிச்சிறுத்தைகள் வாழ்கின்றன. இரவில் ஆட்டுப்பட்டிக்குள் புகுந்தால் ஒன்றோடு நிற்காமல் பல ஆடுகளைக் கொன்றுவிடும். ஓராண்டு வருமானத்தை ஒரே இரவில் இழந்தவர்கள் சிறுத்தையைக் கொல்லத் துணிவது நடந்துகொண்டிருந்தது. 2000-களின் தொடக்கத்தில் ஸ்னோ லெப்பர்ட் கன்சர்வன்சி அமைப்பு, ரும்பாக் போன்ற கிராமங்களின் மக்களோடு சேர்ந்து வீடுகளில் விருந்தினரைத் தங்க வைக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பட்டிகளுக்குக் கம்பிவலைக் கூரையும் போடப்பட்டது. பனிச்சிறுத்தையைப் பார்க்க ஆள் வந்தால் வீட்டுக்குக் காசு வரும். அது உயிரோடிருப்பதில் ஊருக்கும் பங்கு உண்டு.

பல கிராமங்களில் விருந்தினரை வீட்டுக்கு வீடு முறை வைத்து அனுப்புகிறார்கள். அதனால் வீட்டை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாமல் போகலாம். ஐந்தாறு பேருக்கு மேல் போனால் இரண்டு மூன்று வீடுகளில் பிரித்துத் தங்க வைப்பார்கள். கட்டணம் பெரும்பாலும் ஆளுக்கு, ஓர் இரவுக்கு, மூன்று வேளை உணவோடு சேர்த்துக் கிராமமே நிர்ணயித்தது. பேரம் பேச வேண்டாம். பருவத்தின் நடுவில் போவதானால் லேயில் இருக்கும்போதே சொல்லி வையுங்கள்.

வீடு தருவது

தரையில் மெத்தை, கனமான ரஜாய், சூடான சாப்பாடு. சோறும் பருப்பும் அநேகமாக இருக்கும். துக்பா என்னும் நூடுல்ஸ் சூப், மாவைச் சிறு சிறு துண்டுகளாக்கிக் காய்களோடு வேக வைக்கும் ஸ்கியு, தடித்த கம்பீர் ரொட்டி, உப்பிட்ட வெண்ணெய்த் தேநீர் ஆகியவையும் வரும். சைவம் மட்டும் என்று முன்கூட்டியே சொன்னால் சிரமமில்லை. காய்ச்சிய தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பித் தருவார்கள். ஆகவே ஸ்லீப்பிங் பேக், பாய், அடுப்பு, பாத்திரம், அரிசி எதுவும் வேண்டாம்.

குளியலறையை எதிர்பார்க்காதீர்கள். ஒரு வாளி வெந்நீருக்கு எரியும் விறகும் வறட்டியும் குளிர்காலத்துக்கென்று சேர்த்தவை. கழிப்பறை உலர் வகை: மாடியில் ஓட்டை, கீழே அறை. பயன்படுத்திய பின் மண்வெட்டியால் மண்ணைத் தள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது; அது பின்னர் பார்லி வயலுக்கு எருவாகப் போகிறது. அங்கே தண்ணீர் பயன்படுத்த முடியாது என்பதால் டிஷ்யூ தாளும் கைகழுவும் திரவமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத் துடைப்பான்களைக் கழிப்பறைக்குள் போட வேண்டாம், அவை மக்காது.

பையில் வைக்க வேண்டியவை

40 லிட்டர் முதுகுப்பை போதும். தண்ணீரோடு சேர்த்து 8 கிலோவைத் தாண்டாமல் பாருங்கள். இடுப்புப் பட்டை உள்ள பையாக இருந்தால் பாரம் தோளை அழுத்தாது.

உடை: பகலில் வெயில் சுடும், சூரியன் மறைந்ததும் குளிர் கடிக்கும். ஒரே தடித்த கோட்டைவிட மாற்றி மாற்றிப் போடும் அடுக்குகள் நல்லவை. உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், அதன் மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். நிமாலிங் போகிறவர்களுக்கு இறகு நிரப்பிய ஜாக்கெட்டும் வேண்டும். பருத்திப் பனியன் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு காயாது. நின்ற இடத்தில் உடம்பைச் சில்லிட வைக்கும். நடக்க இரண்டு சட்டை, இரண்டு கால்சட்டை, தூங்க ஒரு செட். குரங்குக் குல்லா, கையுறை, மூன்று ஜோடி கம்பளிக் காலுறை.

கால்: கணுக்காலைப் பிடிக்கும் ஷூ. ஒரு மாதமாவது ஊரில் போட்டுப் பழகியதாக இருக்கட்டும். புது ஷூ இரண்டாம் நாளே கொப்புளம் போடும். ஓடையைக் கடக்கவும் வீட்டில் போடவும் பின்பட்டை உள்ள செருப்பு ஒன்று. இறக்கத்தில் முழங்காலைக் காக்க ஊன்றுகோல்.

படுக்கை: ரஜாய் உண்டு, விரிப்பு எப்போதும் துவைத்ததாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து இரு ஓரமும் தைத்துவிட்டால் உள்ளே புகுந்து தூங்க உறை தயார். எடை இல்லை.

வெயில்: புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கூலிங் கிளாஸ், அகல விளிம்புத் தொப்பி, சன்ஸ்கிரீன், உதட்டுக்குப் பூசும் லிப் பாம். மரநிழல் அரிதான வழிகள் இவை.

மருந்து: தினசரி மாத்திரைகள் கூடுதல் ஒரு வாரத்துக்கு, பாராசிட்டமால், ஓஆர்எஸ் பொட்டலம், வயிற்றுப்போக்கு மாத்திரை, பிளாஸ்திரி, தண்ணீரைச் சுத்திகரிக்கும் மாத்திரை.

மற்றவை: தலையில் மாட்டும் டார்ச், இரண்டு ஒரு லிட்டர் பாட்டில், பவர் பேங்க் (விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும்), மெல்லிய துண்டு, ஆதார் நகல், கொஞ்சம் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். பருப்புப்பொடி ஒரு சிறு பொட்டலம் எடுத்துப்போனால் பசி மந்தமான நாளில் சோறு இறங்கும்.

பணத்தைச் சிறு நோட்டுகளாக லேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் ஏடிஎம் கிடையாது. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு செய்யும், ஆனால் மார்க்காவின் பெரும்பகுதியில் அதுவும் எடுக்காது. எந்த நாள் எந்தக் கிராமம், எப்போது திரும்புவீர்கள் என்று எழுதி லேயில் தங்கும் விடுதியிலும் வீட்டாரிடமும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்குள்

வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு "ஜூலே" என்று சொல்லி நுழையுங்கள். வீட்டு அம்மாவை "அமா-லே" என்று கூப்பிடலாம். சமையலறையே வீட்டின் நடுக்கூடம். காட்டிய இடத்தில் உட்காருங்கள். அடுப்பை நோக்கிக் கால் நீட்டுவதும் அதில் குப்பை போடுவதும் மரியாதைக் குறைவு. வழியில் வரும், மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச் சுவர்களை வலப்பக்கம் வைத்துக் கடக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் வீட்டார் பகலெல்லாம் வயலில் இருப்பார்கள், அதனால் மாலையில் போய்ச் சேருவது இருவருக்கும் நல்லது. பிஸ்கட் உறை, பேட்டரி, மருந்து அட்டை எல்லாம் உங்கள் பையிலேயே லேக்குத் திரும்பட்டும்; கிராமத்தில் அவற்றை எடுத்துப்போக யாரும் வருவதில்லை.

நாட்கள் போதாவிட்டால்

ஷாமுக்கு மொத்தம் எட்டு நாள் வையுங்கள்: லேயில் மூன்று, நடை மூன்று, விமானம் ரத்தானாலோ உடம்பு படுத்தினாலோ கைகொடுக்க இரண்டு. மார்க்காவுக்கு பதினொன்று பன்னிரண்டு ஆகும். விடுப்பு அதைவிடக் குறைவென்றால் வழியைச் சுருக்குங்கள்: மார்க்காவுக்குப் பதில் ஷாம், ஷாம் முழுக்க முடியாவிட்டால் யாங்தாங்கில் இரண்டு இரவு. லேயில் ஓய்வெடுக்கும் நாட்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.