தோல் வேலைக்குப் புதியவர்

மனிதன் நெசவைக் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே தோலைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டான். அவன் உடுத்ததும் தோல். விரித்துப் படுத்ததும் தோல். நீர் சுமந்த பையும் தோல். அம்பைத் தடுத்த கேடயமும் தோல். இன்றும் காலில் அணியும் செருப்பு முதல் கச்சேரி மேடையில் ஒலிக்கும் மிருதங்கம் வரை தோலின்றி நம் வாழ்க்கை நடப்பதில்லை. ஆயினும் அதனைப் பயன்படுத்துவோருள் அதன் இயல்பை அறிந்தவர் மிகச் சிலரே.

கையால் ஒரு பணப்பையோ இடைவாரோ செய்து பார்க்க வேண்டும் என்னும் ஆவல் இக்காலத்து மாணவர் சிலரிடம் காணப்படுகிறது. நல்ல ஆவல்தான். ஆனால் அவர்கள் முதலில் கருவிகளை வாங்குகின்றனர். பிறகு கண்ணுக்கு அழகான தோலை வாங்குகின்றனர். வேலை கெட்ட பின்னரே கேள்வி கேட்கத் தொடங்குகின்றனர். இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். இத்தொழிலுக்குப் புதியவர் கத்தியைக் கையில் எடுக்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுதல் நலம். இது எவ்வாறு பதனிட்ட தோல்? விலங்கின் உடலில் எந்த இடத்துத் தோல்? இதனை எவ்வாறு தைப்பது? இவற்றை யாரிடம் கேட்டு அறிவது? இந்நான்கையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

விலங்கின் உடலிலிருந்து உரித்ததையும் தோல் என்கிறோம். கடையில் விற்கும் கைப்பையையும் தோற்பை என்கிறோம். இவ்விரண்டு தோலும் ஒன்றல்ல. உரித்த பச்சைத் தோலை அப்படியே விட்டால் சில நாளில் அழுகும். உலர்த்தினால் பலகைபோல் விறைக்கும். மீண்டும் நனைந்தால் மீண்டும் அழுகத் தொடங்கும். காரணம், அது கொல்லாஜன் என்னும் புரத நார்களால் ஆனது. நுண்ணுயிர்களுக்கு அப்புரதம் நல்ல உணவு. அந்நார்களோடு வேறொரு பொருளைப் பிணைத்து, அவை அழுகாமலும், உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டி விறைக்காமலும் செய்வதே பதனிடுதல் ஆகும்.

எல்லாத் தோலையும் பதனிட வேண்டும் என்பதில்லை. பறையின் முகத்தில் கட்டும் தோல் பதனிடாதது. அதன் விறைப்பே அதன் ஒலி. தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னே ஆடும் பாவையும் பதனிடாத தோலே. மயிர் நீக்கிச் சுரண்டி உலர்த்திய அத்தோல் ஒளியை ஊடுருவ விடுவதால்தான் பாவையின் வண்ணம் திரையில் தெரிகிறது. ஆகவே, பயனை அறிந்து தோலைத் தேர்தல் என்பது இத்தொழிலின் முதற்பாடம்.

பதனிடும் முறைகளுள் இரண்டு தலையாயவை. ஒன்று மரப்பட்டை முறை. கடுக்காயைக் கடித்தவுடன் நாக்கும் கன்னமும் இறுகுவதை அறிவீர்கள். கடுக்காயிலுள்ள துவர்ப்பொருள் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதே அவ்வுணர்வுக்குக் காரணம். அதே துவர்ப்பொருள் தோலின் புரத நாரையும் பற்றிக்கொள்கிறது. நம் நாட்டில் ஆவாரம் பட்டை, வேலம் பட்டை, கடுக்காய் ஆகியவற்றைக் கொண்டு நெடுங்காலமாகத் தோல் பதனிட்டு வந்தனர். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தென்னாட்டுத் தோல் கடல் கடந்து சென்று விலைபோயிற்று. இம்முறைக்கு வாரக்கணக்கில் காலம் வேண்டும்.

மற்றொன்று குரோம் முறை. குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் வழிக்கு 1884ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதனை மேலும் எளிதாக்கினார். சென்னையில் 1900களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் இம்முறையை ஆய்ந்து பரப்பினார். சென்னைக்கு அருகே எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான் குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே பிறந்தது. மரப்பட்டை முறைக்கு வாரங்கள் பிடிக்கும் வேலையை இம்முறை ஓரிரு நாளில் முடித்துவிடும். இன்று உலகில் பதனிடும் தோலில் பெரும்பகுதி குரோம் தோலே.

இவ்விரண்டையும் புதியவர் எவ்வாறு வேறுபடுத்தி அறிவது? மேற்பூச்சைக் கண்டு ஏமாறாமல், வெட்டிய ஓரத்தைப் பார்க்க வேண்டும். மரப்பட்டைத் தோலின் உட்புறம் பெரும்பாலும் பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் உட்புறத்தில், உள்வரை சாயம் ஏறாவிடில், நீலமோ சாம்பலோ கலந்த நிறம் தெரியும். பூச்சில்லாத மரப்பட்டைத் தோலில் ஒரு துளி நீர் விட்டால் அவ்விடம் உடனே கறுக்கும். ஈரமாக்கி வளைத்தால் வளைந்த வடிவில் நிற்கும். முத்திரை அழுத்தினால் அச்சுப் பதியும். குரோம் தோலோ மென்மையாய்த் துவளும், சுடுநீரையும் தாங்கும், ஆனால் அச்சை ஏற்காது. பூவேலை செய்ய விரும்புபவர் குரோம் தோலை வாங்கினால் எத்தனை விலையுயர்ந்த கருவியும் அவருக்கு உதவாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஈரமான மரப்பட்டைத் தோலின்மேல் இரும்புக் கருவியை வைத்துவிட்டால் கருநீலக் கறை விழும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்னோர் மை செய்தனர் அல்லவா? அந்த வேதியியலே இங்கும் நிகழ்கிறது. துவர்ப்பொருளும் இரும்பும் சேர்ந்தால் மைதான் பிறக்கும்.

இரண்டாம் கேள்வி, உடலின் எந்த இடத்துத் தோல் என்பது. ஒரே மாட்டுத் தோலில் முதுகும் பிட்டமும் நார் நெருங்கி உறுதியாய் இருக்கும். வயிற்றுப் பகுதி நார் தளர்ந்து, இழுத்தால் நீளும். இடைவாரை வயிற்றுத் தோலில் வெட்டினால் சில திங்களில் அது நெளிந்து நீண்டுவிடும். முதுகெலும்பின் போக்கிலேயே வெட்டினால் பல்லாண்டு நிற்கும். தடிப்பும் அறிய வேண்டியதே. இடைவாருக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் வேண்டும்; பணப்பைக்கு 1 அல்லது 1.5 மில்லிமீட்டர் போதும். இரு தோல் ஒன்றன்மேல் ஒன்று சேரும் ஓரங்களை மெல்லியதாகச் சீவிக்கொள்ள வேண்டும். இல்லையேல் பை மடிப்பிலே புடைத்து நிற்கும்.

மூன்றாவது தையல். துணியில் தவறான தையலைப் பிரித்து மீண்டும் தைக்கலாம். தோலில் குத்திய துளை மறையாது. ஆகையால் அளந்து கோடிட்டு, குத்தூசியால் ஒரே சாய்வில் துளையிட்ட பின்னரே ஊசியை எடுக்க வேண்டும். கைத்தையலில் சிறந்தது, ஒரே நூலின் இரு முனையிலும் இரண்டு ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டையும் எதிரெதிராகச் செலுத்துவது. இயந்திரத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் அடுத்த தையல்களும் தளர்ந்து பிரிய வழியுண்டு. இருவூசித் தையலில் ஒரு பக்கத்து நூல் தேய்ந்து அறுந்தாலும், மறுபக்கத்து நூல் அதே துளைகளில் பிடித்து நிற்கும். நூலுக்குத் தேன்மெழுகு தேய்த்துக்கொண்டால் ஈரமும் தேய்மானமும் குறையும். முதல் வேலையாகச் செருப்பை எடுக்க வேண்டா. ஒரு சாவி வாரும், ஓர் அட்டைப் பையும் செய்து கை பழகட்டும்.

நான்காம் கேள்வியே எல்லாவற்றினும் பெரிது. இவற்றை யாரிடம் கேட்பது? இந்த அறிவு நூல்களில் இருப்பதைவிடக் கைகளில் மிகுதியாக இருக்கிறது. அந்தக் கைகளுக்கு உரியவர்களை நம் சமுதாயம் நெடுங்காலம் ஊருக்குப் புறத்தே நிறுத்தி வைத்தது. தோலைத் தொடுவது தீட்டு என்று சொல்லிக்கொண்டே செருப்பை அணிந்தது. மிருதங்க இசையில் திளைத்தது. ஆடு, மாடு, எருமை ஆகியவற்றின் தோலைத் தெரிந்தெடுத்து அக்கருவியை ஒலிக்கச் செய்தவர்களின் பெயரை அவையோர் அறிந்ததில்லை. அவர்களுடைய வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020ஆம் ஆண்டில்தான் ஒரு தனி நூலாக எழுதினார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததை உள்ளத்திலும் ஒழிப்பது நம் கடமை. தெருவோரத்தில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் ஒரு மணி நேரம் மாணவனாக உட்காருங்கள். தோலின் போக்கைத் தடவியே அறியும் விரல்களை அங்கே காண்பீர்கள். அவருடைய நேரத்திற்கு உரிய கூலியைத் தருவதும் மாணவனின் நன்றியில் அடங்கும்.

கேட்கும் முறையும் ஒன்று உண்டு. "என் பை சரியாக வரவில்லை, ஏன்?" என்றால் எந்த வல்லுநரும் விடை கூற இயலாது. கெட்டுப்போன பையையே கையில் கொண்டு செல்லுங்கள். என்ன தோல், எவ்வளவு தடிப்பு, எந்த நூல், எந்த வரிசையில் செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். பாதி விடை அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். சென்னையில் பெரியமேட்டுத் தோல் கடைகளில் பலவகைத் தோலைத் தொட்டுப் பார்த்து ஒப்பிடலாம். ஆழ்ந்து கற்க விரும்புவோர்க்கு, அடையாற்றில் 1948ஆம் ஆண்டு தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக விளங்கிய நாயுடம்மா, ஆய்வுக்கூடத்தின் அறிவு பதனிடும் கூடங்களுக்குச் சென்று சேர வேண்டும் என்பதற்காக உழைத்தவர்.

கேட்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு: இத்தோலைக் கழுவிய நீர் எங்கே போயிற்று? பதப்படுத்த இடும் உப்பும், குரோமியமும், பட்டைச் சாறும் கழிவு நீரில் கலக்கின்றன. பாலாற்றங்கரை ஊர்களின் கிணறுகளும் வயல்களும் இதனால் பட்ட துன்பம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. மாசு செய்தவரே அதன் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று 1996ஆம் ஆண்டில் அம்மன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சிறு துண்டுத் தோலையும் வீணாக்காமல் வெட்டுவது சிக்கனம் மட்டுமன்று. அதற்காகச் செலவான நீருக்கும் உழைப்புக்கும் நாம் செய்யும் மரியாதையுமாகும்.

மாணவ நண்பர்களே! கருவிகள் மெல்ல வரட்டும். ஒரு கத்தி, ஒரு குத்தூசி, இரண்டு ஊசி, சிறிது மெழுகு, ஒரு துண்டுத் தோல் ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். அத்துண்டைத் திருப்பிப் பாருங்கள், அதன் ஓரத்தைப் பாருங்கள், இழுத்துப் பாருங்கள். அது சொல்லாததை அறிந்தவரிடம் பணிந்து கேளுங்கள். நாளை நீங்கள் தைத்த பையைக் கண்டு மற்றொரு புதியவர் உங்களிடம் கேட்க வருவார். அவருக்குப் பொறுமையோடு விடை கூறுங்கள். நெடுங்காலம் பிறப்பால் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஒரு கலையின் கதவு அவ்வாறுதான் எல்லோருக்கும் திறக்கும்.