ஒரு பவுனில் எத்தனை விளக்கு தெரியுமா?

சேக்காட்டுக்காரர்களுக்கு ஆவடி டாங்கித் தொழிற்சாலை பக்கத்து வீடு மாதிரி. அங்கே உருவான அர்ஜுன் டாங்கி கும்மிருட்டிலும் ஆளைக் கண்டுபிடித்துவிடும், தெரியுமா? நம் உடம்புச் சூடு வெளியே விடும் அகச்சிவப்புக் கதிர்தான் காட்டிக்கொடுக்கிறது. சரி, உடம்புக்கு உள்ளேயே ஓர் அகச்சிவப்பு விளக்கை ஏற்றினால்?

செல்போன் டார்ச்சைப் போட்டு அதன்மேல் விரல் நுனியை வையுங்கள். விரல் செக்கச்செவேல் என்று ஜொலிக்கும். டார்ச் வெளிச்சம் வெள்ளைதானே? நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் தப்பி வருகிறது! சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கே தெரியாத 700 முதல் 950 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளி இன்னும் ஆழமாகப் போய்வரும். 1000-ஐத் தாண்டினால் சிதறலும் குறைந்து படம் பளிச்சென்று விழும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஹோங்ஜி டாய் குழுவினர் 2014-ல் சுண்டெலியின் ரத்தத்தில் இப்படி அகச்சிவப்பில் ஒளிரும் கார்பன் நானோகுழாய்களைச் செலுத்தி, மண்டையைத் திறக்காமலே மூளை ரத்த நாளங்களைப் படம்பிடித்தார்கள்!

அமெரிக்கா கிடக்கட்டும். நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் 2009-லேயே என்ன செய்தார்கள் தெரியுமா? 25 அணுக்கள் கொண்ட தங்கக் கொத்தை அரித்து 23 அணுக் கொத்தாக்கினார்கள். ஒளி பாய்ச்சியதும் அது அகச்சிவப்புப் பக்கமாகச் சுடர்விட்டது. உயிரணுக்களுக்கு அடையாளம் போடவும் உதவியது. அட, அட்டிகைத் தங்கம் இப்படி ஒளிருமா? ஒளிராது. அணுக்களை எண்ணிவிடும் அளவுக்குச் சிறுத்தால்தான் தங்கத்தின் குணமே மாறும். ஒரு பவுனை இப்படிப் பிரித்தால் எத்தனை கொத்து வரும்? ஏறக்குறைய 1 போட்டு 21 பூஜ்யம்!

இன்னொன்று கேளுங்கள். 2019-ல் சீன, அமெரிக்க விஞ்ஞானிகள் எலியின் விழித்திரைக்குப் பின்னால் நானோ துகள்களை ஊசியில் ஏற்றினார்கள். அகச்சிவப்பைப் பச்சையாக மாற்றித்தரும் துகள்கள் அவை. பத்து வாரம் வரை எலிகளுக்கு அகச்சிவப்பு தெரிந்தது! எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம்.

உடம்புக்குள் விளக்கு மனிதருக்கு எப்போது? இண்டோசயனின் கிரீன் என்ற சாயம் 1950-களிலிருந்தே மருத்துவத்தில் இருக்கிறது. அதன் அகச்சிவப்பு ஒளியைப் பார்த்தபடியே சீனாவில் 23 பேருக்குக் கல்லீரல் கட்டியை அறுவை செய்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது. ஆனால் அது சாயம், நானோ துகள் அல்ல. துகள் என்றால், வேலை முடிந்ததும் வெளியேறவும் வேண்டுமே! சுமார் 5.5 நானோமீட்டருக்குள் இருந்தால் சிறுநீரோடு போய்விடும் என்று 2007-ல் கண்டார்கள். பெருத்தவை கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடுகின்றன. காட்மியம், ஈயம் கலந்த துகள் அப்படித் தங்கினால் வம்புதான். 23 அணுவிலேயே ஒளிரும் தங்கத்தின் மேல் ஆராய்ச்சியாளர்களுக்கு இத்தனை ஆசை ஏன் என்று இப்போது தெரிகிறதா?